தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் வேலையின் ஆரம்ப காலம் எப்படி இருக்கும்? அறிவியல் படித்திருக்க வேண்டுமா, எழுதிக் கொடுத்ததை வாசித்தால் போதுமா?

ராமநாதபுரத்தில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில், மாலைச் செய்தியின் கடைசியில் வானிலை சொல்கிறேன். வேலைக்குப் புதிது. சென்னையின் பெரிய சேனல்களைப் பற்றி அங்கே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். எங்களுடையது கடை மாடியில் ஓர் அறை, சுவரில் பச்சைத் துணி, இரண்டு விளக்கு, ஒரு கேமரா. ஆனால் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நாளை விடியலில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் காத்திருப்பவர்கள். அதனால் வெறும் வாசிப்பு இங்கே செல்லாது. வானிலை அறிவியலில் பட்டம் இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லாமலும் கற்றுக்கொள்ளலாம். இந்த மாவட்டத்தின் கடலும் மண்ணும் தெரியாமல் வாசித்தால் மட்டும் முதல் வாரத்திலேயே தொலைபேசியில் பிடித்துவிடுவார்கள்.

முதலில் எல்லோரும் கேட்கும் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நமக்குப் பின்னால் வரைபடம் எதுவும் கிடையாது; வெறும் பச்சைத் துணிதான். கணினி பச்சை நிறத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வரைபடத்தை வைக்கிறது. பக்கத்தில் உள்ள திரையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். பார்ப்பவருக்கு வலப்பக்கம் கிழக்கு என்பதால், கேமராவைப் பார்த்து நிற்கும் எனக்கு வங்கக் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம். சில நாளில் பழகிவிடும். உடைதான் தொல்லை. விளம்பரம் தரும் ஜவுளிக்கடை ஒன்று தீபாவளிக்குக் கொடுத்த சேலையில் கிளிப்பச்சைக் கரை. ஒத்திகையில் பார்த்தால் என் இடுப்பைச் சுற்றி இலங்கையும் மன்னார் வளைகுடாவும் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரர் அந்தக் கரையைத்தான் காட்டச் சொன்னார்.

இனி உண்மையான வேலை. கணிப்பு எங்களுடையது அல்ல. மழை, காற்று, புயல் எல்லாம் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகின்றன. அலை உயரமும் கடல் கொந்தளிப்பும் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்திலிருந்து வருகின்றன. அவர்கள் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் நானும் ஆரஞ்சுதான். ‘சிவப்பு என்று போட்டால் கூடுதலாக நாலு பேர் பார்ப்பார்கள்’ என்று சொல்பவர் எந்தச் செய்தி அறையிலும் ஒருவராவது இருப்பார், எங்களிடமும் இருக்கிறார். அவரிடம் சண்டை போடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதி. கூட்டிச் சொன்னால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட நேரடியான காரணம், ஒரு நாள் படகு போகாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் வருமானம் இல்லை.

அப்படியென்றால் எனக்கு என்ன வேலை மிச்சம்? பிரிப்பது. அறிக்கை மாவட்டத்துக்கு வருகிறது. ராமநாதபுரம் மாவட்டமோ ஒரே இடம் அல்ல. வடக்கே தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம். தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் மன்னார் வளைகுடாப் பக்கம். பாம்பனிலும் மண்டபத்திலும் வடகடல், தென்கடல் என்பார்கள்; நடந்தே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜூன், ஜூலையில் தெற்கு, மேற்குக் காற்றுகளான சோழகமும் கச்சானும் அடிக்கும்போது தென்கடல் பொங்கும், வடகடல் தகடு போலக் கிடக்கும். கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று எழுந்தால் கதை தலைகீழ். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. அதனால் அலை உயரமாக எழாவிட்டாலும் நெருக்கமாக, செங்குத்தாக வந்து வல்லம் என்ற சிறு படகைப் போட்டு அடிக்கும். மண்டபத்தில் நாட்டுப்படகுகள் பருவத்துக்கு ஏற்பக் கரை மாறுவது இதனால்தான்.

மழைக்காலத்திலும் காற்றுக்காலத்திலும் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘மன்னார் வளைகுடா, தென் தமிழகக் கடலோரப் பகுதிகள் மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும்.’ இதை அப்படியே வாசித்தால் தொண்டிக்காரர் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பார், அல்லது தனக்கு இல்லை என்று நினைப்பார். இரண்டில் எது சரி என்று அறிக்கையை முழுதாகப் படித்துத்தான் நான் சொல்ல முடியும். பாக் நீரிணையின் பெயர் இல்லையென்றால் இல்லை என்பதையும் வாய்திறந்து சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் விடப்பட்டிருப்பதும் ஒரு தகவல். அந்த 45 கிலோமீட்டரை, கடலில் வேகத்தை அளக்கும் ‘நாட்’ (knot) கணக்கிலும் சொல்கிறேன், ஏறத்தாழ 24 நாட். இளைஞர்கள் கைப்பேசியில் காற்றைக் காட்டும் விண்டி செயலியை வைத்துக்கொண்டு நாட் கணக்கில்தான் பேசுகிறார்கள். பெரியவர்களுக்கு எந்த எண்ணும் வேண்டாம், வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று திசையைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர் வாரம் தவறாமல் அழைப்பார். ‘தாயி, காற்றை விடு. நாளைக்கு டோக்கன் கொடுப்பார்களா, மாட்டார்களா? அதை மட்டும் சொல்.’ மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு தராவிட்டால் விசைப்படகு கிளம்ப முடியாது. ஆள்களுக்குச் சொல்ல வேண்டும், ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் போட வேண்டும். அவருக்கு வானிலை என்பது மாலையில் தெரிய வேண்டிய ஒரே ஒரு ஆமாம் அல்லது இல்லை. டோக்கன் பற்றி முடிவு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மீனவர்களுக்கான எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போக முடியும். எனக்குக் கிடைப்பது 90 வினாடி. செய்தி ஆசிரியருக்குச் சென்னை வெப்பநிலையில் தொடங்க வேண்டும், எல்லாச் சேனலும் அப்படித்தான் செய்கிறதாம். இப்போது கடல் முதலில், மழை அடுத்து, வெப்பநிலை நேரம் மிஞ்சினால் என்ற வரிசைக்கு அவரைக் கொண்டுவந்திருக்கிறேன். வைகாசி வெயிலிலும் எண்ணைச் சொல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? வெளியே போனாலே தெரிகிறது.

கடல் போக உள்நாடு இருக்கிறது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் களத்தில் காயும்போது ஒரு தூறல் வந்தாலும் நிறம் போய்விடும். அதே நேரம் வாலிநோக்கம் உப்பளத்திலும் மழை யாருக்கும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் நிலைமை மாறும். புழுதியில் விதைத்துவிட்டு மானத்தைப் பார்த்திருப்பவர் ‘லேசான மழை’ என்று நான் சிரித்த முகத்தோடு சொன்னால் திட்டுவார், அவருக்குக் கண்மாய் நிறைய வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது என்பதும் இங்கே பாடத்திட்டத்தில் உண்டு. நான் எந்த முகமும் காட்டாமல் சொல்லப் பழகிக்கொண்டேன்.

2024 நவம்பர் 20 இந்த வேலைக்கு வருபவர்கள் படித்துவைக்க வேண்டிய நாள். ராமேஸ்வரத்தில் 44 சென்டிமீட்டர், பாம்பனில் 28 சென்டிமீட்டர். இருபது சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்ற கடைசி வகை வந்துவிடுகிறது. பரமக்குடிக்குக் கிடைத்தது இதில் ஒரு சிறு பங்குதான். தீவில் வீட்டுக்குள் தண்ணீர், உள்நாட்டில் ‘எங்கே மழை?’ என்ற கேள்வி. இன்னொரு குழப்பமும் இருந்தது. மழை கொட்டியது 20ஆம் தேதி பகலில், அளவு வெளிவந்தது 21ஆம் தேதிக் கணக்கில். மழைமானியைக் காலை 8.30க்குப் படிக்கிறார்கள், முந்தின நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை ஒரு நாள். உலக நேரத்தில் அதிகாலை 3 மணி நமக்கு 8.30 என்பதால் இந்த ஏற்பாடு. ‘நேற்றுப் பெய்த மழையை இன்றைய மழை என்கிறீர்களே’ என்று கேட்பவருக்கு இதை அரை நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

தீவின் மேல் மட்டும் இப்படிக் கொட்டும் மேகத்தை முன்கூட்டிப் பார்ப்பது எளிதல்ல. எங்களுக்குப் பக்கத்து ரேடார்களில் ஒன்று காரைக்காலில் இருக்கிறது, ராமேஸ்வரத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பூமி வளைந்தது. ரேடார் கதிர் அவ்வளவு தூரம் வருவதற்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். அதற்குக் கீழே தாழ்வாக நிற்கும் மேகத்தில் என்ன நடக்கிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. திரையில் நிறம் இல்லை என்பதற்காக ‘மழை இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. பாம்பனில் தெரிந்தவருக்கு ஒரு போன் போடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ‘பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்றதும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்கூட வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்கள். ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள்: கடலில் எங்கோ ஒரு தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஆபத்தில்லை. மூன்று என்றால் துறைமுகத்தில் பலத்த காற்றை எதிர்பார்க்கலாம். எண் ஏற ஏற அபாயம் ஏறுகிறது என்று நினைப்பது பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே வலிமை; புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கரையைக் கடக்கும் என்பதுதான் 5க்கும் 6க்கும் வித்தியாசம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ கடக்கும். 8, 9, 10 அதே வரிசையில் தீவிரப் புயலுக்கு. 11 வந்தால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதை வரைபடமாகப் போட்டு ஒருமுறை சொன்னதற்கு வந்த அழைப்புகள் வேறு எதற்கும் வந்ததில்லை.

புயல் என்றதும் வரும் அடுத்த கேள்வி ‘அறுபத்து நாலு மாதிரி வருமா?’ 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும் ஒரு பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனதைப் பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேலிக்குக் கேட்பதில்லை. வராது என்று உறுதி சொல்லவும் முடியாது, வரும் என்று பயமுறுத்தவும் கூடாது. இப்போது செயற்கைக்கோள் இருக்கிறது, புயல் உருவாகும் முன்பே நாள் கணக்கில் தெரிந்துவிடும் என்று சொல்கிறேன். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து வந்து, மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நம் கரைக்கு அருகிலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றதையும் சொல்கிறேன். அதிகபட்ச மழை இங்கே பெய்யவில்லை, சிதம்பரம், கொள்ளிடம் பக்கம் கொட்டியது. பாதை தெரிந்தாலும் மழை எங்கே விழும் என்பது வேறு கேள்வி.

சம்பளம்? ஆரம்பத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சிறிய சேனலில் வானிலைக்கென்று தனி ஆள் வைக்க மாட்டார்கள். நான் படத்தொகுப்பும் செய்கிறேன், ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரலும் கொடுக்கிறேன். தொழிலாகவே எடுக்க நினைத்தால் இளங்கலையில் இயற்பியல் அல்லது கணிதம் படித்துவிட்டு, கொச்சிப் பல்கலைக்கழகத்திலோ விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலோ வானிலையியல் முதுகலை படிக்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. மண்டல மையத்தின் தினசரி அறிக்கையைக் காலையில் படித்து, மறுநாள் மழையளவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நீங்களும் இன்றைக்கே தொடங்கலாம், சேனல் தேவையில்லை.

வேலைக்குச் சேர்வதாக இருந்தால் ஆகஸ்டுக்குள் சேர்ந்துவிடுங்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது.