வளையும் லென்ஸ்: யுடி (இரும்புக்குள் ஒலி அனுப்பிக் குறை தேடும் அல்ட்ராசானிக் சோதனை) சந்தேகங்கள் கேளுங்கள்

அம்பத்தூர்: பைப் எல்போவில் தட்டை ப்ரோப் (ஒலி அனுப்பி வாங்கும் கருவி) உட்கார மாட்டேன் என்கிறது. சிலிக்கான் லென்ஸ் போட்டால் சரியாகுமா சார்?

சரியாகும், ஒரு சிக்கலோடு. வளைவில் தட்டை ப்ரோப் கொஞ்சம்தான் தொடும்; மீதி காற்று. காற்றைத் தாண்டி ஒலி இரும்புக்குள் போகாது. மெத்தென்ற லென்ஸ் வளைவில் படிந்துகொள்ளும். ஆனால் அமுக்க அமுக்க அது மெலியும். சிலிக்கான் ரப்பரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1000 மீட்டர், ஸ்டீலில் 5900. மெஷின் எல்லாவற்றையும் ஸ்டீல் வேகத்தில் கணக்குப் போடுவதால், லென்ஸ் 1 மி.மீ. நசுங்கினால் ஸ்க்ரீனில் ஆழம் 6 மி.மீ. தள்ளிப்போகும். ஒருமுறை 12 மி.மீ. சுவரின் அடி எக்கோவை (மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒலி), நடுவில் லாமினேஷன் (உள்ளே அடுக்காகப் பிளந்த குறை) என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். மறுநாள் கட்டைவிரலால் ப்ரோப்பை அமுக்கினேன், எக்கோ நகர்ந்தது. அன்றிலிருந்து இரும்பின் மேற்பரப்பு எக்கோவிலிருந்துதான் அளக்கிறேன்.

கிண்டி மாணவி: கப்பிளன்ட் (ப்ரோப்புக்கும் இரும்புக்கும் நடுவில் தடவும் ஜெல்) இல்லாமல் ஓடுமா?

ஓடாது. காற்று.

பெரம்பூர்: ஒலியைக் குவிக்கக் குழி லென்ஸ்தானே வேண்டும்? நீங்கள் காட்டிய படத்தில் குவி லென்ஸ் இருக்கிறதே?

இரண்டும் சரி. தண்ணீரில் ஒலி 1480. அக்ரிலிக்கில் சுமார் 2700, தண்ணீரைவிட வேகம், அதனால் குழி. சிலிக்கானில் தண்ணீரைவிட மெதுவு; அதனால் குவி.

பெரம்பூர்: எங்கள் வாத்தியார் குழி என்றுதான் சொன்னார்.

அவர் அக்ரிலிக்கைச் சொல்லியிருப்பார்.

அம்பத்தூர்: அப்போ இரும்பில் அமுக்கினால் குவி வடிவமே போய்விடுமே?

அப்படிக் கேளுங்கள்! போய்விடும். நேராக இரும்பில் வைத்தால் முன்முகம் எல்போ வடிவத்தைத்தான் எடுக்கும். குவிப்பு வேண்டுமென்றால் கெட்டியான அக்ரிலிக் லென்ஸை உள்ளே வைத்து, அதன் குழியில் மென்ரப்பரை நிரப்ப வேண்டும். வளைவது வெளிமுகம் மட்டும்.

பெரம்பூர்: அப்படியானால் குழிதானே ஜெயித்தது?

ஜெயித்தது, சார்.

எண்ணூர்: 10 மி.மீ. ப்ரோப், 5 மெகாஹெர்ட்ஸ். 200 மி.மீ. ஆழத்தில் குவிக்க லென்ஸ் சொல்லுங்கள்.

எந்த லென்ஸும் உதவாது. அந்த ப்ரோப்புக்கு ஸ்டீலில் நியர் ஃபீல்டு (ஒலிக்கற்றை விரியத் தொடங்கும் முன் உள்ள தூரம்) 21 மி.மீ.தான், அதற்குள்தான் குவிக்க முடியும். பெரிய ப்ரோப் எடுங்கள்.

தாம்பரம்: குழந்தை ஸ்கேனுக்கும் இந்த லென்ஸ் ஆகுமா?

என் துறை இல்லை. டாக்டரைக் கேளுங்கள்.

ஆவடி: கப்பிளன்ட் கட்டாயமா?

மேலே படியுங்கள் தம்பி.

மாதவரம்: சிலிக்கானை நானே வார்க்கலாமா? கப்பிளன்டும் வேண்டாமே?

வார்க்கலாம். கலந்ததும் வாக்குவத்தில் வைத்துக் குமிழியை எடுங்கள். கடுகளவு குமிழியும் எக்கோ கொடுக்கும். கப்பிளன்ட் வேண்டும். மூன்றாவது தடவை சொல்கிறேன்: காற்று!