நல்ல கண்ணை மூடினால் மங்கலான கண் எப்படித் தெளியும்?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இடது கண்ணில் மட்டும் பவர் அதிகம், ‘சோம்பேறிக் கண்’ என்றார் டாக்டர். சில மாதமாகக் கண்ணாடி போட்டும் பார்வை முழுசாக வரவில்லை. இப்போது நல்ல கண்ணை தினமும் 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடச் சொல்கிறார். நல்ல கண் கெட்டுவிடாதா? வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ‘சோம்பேறி’ என்ற பேச்சையும் குழந்தை காதுபட வேண்டாம். அவள் கண் சோம்பிக் கிடக்கவில்லை. அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதைதான் சரியாக வளரவில்லை.

விழித்திரையின் நரம்பிழைகள் கருவிலேயே மூளையைத் தொட்டுவிடுகின்றன. எந்தப் பக்கம் போவது என்று வழிகாட்ட வேதிப்பொருட்கள் உண்டு. ஆனால் பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணியில் (பார்வையைக் கவனிக்கும் மூளையின் மேலடுக்கில்) எந்தக் கண்ணுக்கு எவ்வளவு இடம் என்பது பிறந்த பிறகு, பார்க்கப் பார்க்கத்தான் உறுதியாகிறது. அங்கே இரண்டு கண்ணுக்கும் போட்டி. தெளிவான படம் அனுப்பும் கண்ணின் இணைப்புகள் கிளைத்துப் பெருகும்; மங்கலான கண்ணுடையவை சுருங்கும்.

இதை 1960களில் நரம்பியல் ஆய்வாளர்கள் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளிடம் கண்டார்கள். ஒரு கண்ணின் இமையைத் தைத்துவிட்டுச் சில வாரம் கழித்துத் திறந்தால், கண் நன்றாகவே இருந்தது. ஆனால் பார்வைப் புறணியின் செல்கள் பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குப் பதில் தரவில்லை. இரண்டு கண்ணையும் மூடியபோதோ பாதிப்பு அந்த அளவுக்கு இல்லை! அதாவது, வெளிச்சம் இல்லாததைவிட, பக்கத்துக் கண் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் பெரிய காரணம். வளர்ந்த பூனைகளில் இந்த மாற்றமே நடக்கவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

ஒட்டு செய்வதும் இதுதான்: வலுவான கண்ணைச் சற்று நேரம் போட்டியிலிருந்து விலக்குகிறது. மிதமான குறைக்கு 2 மணி நேரம், 6 மணி நேரத்துக்கு நிகரான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவு குறைந்த நேரத்தில் நல்ல கண் கெடுவது அபூர்வம். அதையும் கண்டுபிடிக்கத்தான் மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள், ஒன்றையும் தவறவிடாதீர்கள். 7 வயதுக்குள் பலன் அதிகம். அதற்குப் பிறகும் வாய்ப்பு உண்டு, ஆனால் குறைந்துகொண்டே போகும்.

ஒட்டைக் கண்ணாடி மேல் அல்ல, தோல் மேலேயே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிடுவாள். அதன் மேல் கண்ணாடி கட்டாயம். அந்த 2 மணி நேரம் படம் வரைதல், மணி கோத்தல் என்று ஏதாவது கொடுங்கள். முதல் சில நாள் அழுவாள், அப்புறம் பழகிவிடும். ஒட்டவே விடவில்லையென்றால், நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டுமருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பார்வை தெளிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள்: நிறுத்திய ஓராண்டுக்குள் சுமார் நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி குறைகிறது.