கண்ணாடியை வீட்டிலேயே வெட்டலாமா?

கேள்வி: பழைய அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சும்மா கிடக்கிறது. அகலத்தில் 10 செ.மீ. குறைத்தால் புதுச் சட்டத்தில் உட்கார்ந்துவிடும். கட்டர் வாங்கி நானே வெட்டலாமா, கடையில் கொடுப்பதுதான் நல்லதா?

பதில்: ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகும் ஒரே நேர்க்கோடு என்றால் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கட்டர் வாங்கக் கிளம்பும் முன், அது வெட்டக்கூடிய கண்ணாடிதானா என்று பாருங்கள். மூலையில் பொடி எழுத்தில் ‘டெம்பர்டு’ அல்லது ‘டஃபன்டு’ என்று முத்திரை இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள், அதைக் கடைக்காரராலும் வெட்ட முடியாது. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி அது. மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை அடைபட்டிருக்கும், கீறல் கொஞ்சம் ஆழமாகப் போனாலே மொத்தமும் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிர்ந்துவிடும். முத்திரை இல்லாததாலேயே சாதாரணக் கண்ணாடி என்றும் முடிவு கட்ட முடியாது, சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் கடையில் காட்டிவிட்டு வாருங்கள்.

அடுத்தது தடிமன். 3, 4 மி.மீ. என்றால் புதுக் கைக்கும் படியும். 6 மி.மீ. கண்ணாடியில் முதல் வெட்டைப் போட்டுப் பழகாதீர்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ கனக்கும், அதாவது 4 மி.மீ. கண்ணாடி 10 கிலோ. ஆள் உயரக் கண்ணாடி என்றால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். தூக்கும்போது நிமிர்த்திப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து முறிந்துவிடும்.

சரி, வெட்டும் வேலைக்கு வருவோம். மேசை மேல் கம்பளியோ அட்டையோ விரித்து, ரசம் பூசிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். கட்டர் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரத்தால் கீறும் கோடு எப்போதும் முகம் தெரியும் பக்கத்தில்தான் போட வேண்டும். பின்பக்கம் போட்டால் சக்கரம் பெயின்டைக் கீறுமே தவிர கண்ணாடியைத் தொடாது. கோடு வரும் இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள், ஒரு தூசு இருந்தாலும் சக்கரம் அங்கே தாவிவிடும். அளவு எடுக்கும்போது இரண்டு கழிவு மறக்கக் கூடாது: சட்டத்துக்குள் இறுக்கிப் பிடிக்காமல் இருக்க 2, 3 மி.மீ. குறைவாக வெட்ட வேண்டும். அப்புறம், கட்டரின் பக்கவாட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, அதுவும் கிட்டத்தட்ட 2, 3 மி.மீ. வரும். உங்கள் கட்டரில் அது எவ்வளவு என்று ஒரு உடைசல் துண்டில் கோடு போட்டு அளந்துகொண்டு, அந்த அளவு தள்ளி ஸ்கேலை வையுங்கள்.

சக்கரத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஓரத்திலிருந்து 1 மி.மீ. உள்ளே தொடங்கி, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுங்கள். சரியான அழுத்தம் என்பதைக் காதே சொல்லும், துணி கிழிவது போல ‘சர்ர்’ என்று விட்டுவிடாமல் ஒரே சத்தம் வரும். கோடு மெல்லியதாக, சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகப் பொடி கிளம்பினால் அழுத்தம் அதிகம். நடுவில் விட்டுப்போயிருந்தால்? அப்போதும் அதே கோட்டின் மேல் மறுபடி ஓட்டாதீர்கள். புதியவர்கள் கண்ணாடியை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், இரண்டாவது தடவை ஓட்டினால் சக்கரத்தின் முனையும் மழுங்கும், முறிவும் கோடு விட்டு எங்கோ போகும். விட்டுப்போன இடம் சின்னது என்றால் அப்படியே முறித்துப் பார்ப்பது மேல்.

கோடு போட்ட கையோடு முறித்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வரலாம் என்று போகக் கூடாது. கோடு மேசை விளிம்புக்குச் சற்று வெளியே வரும்படி நகர்த்தி, மேசை மேல் இருக்கும் பகுதியை உதவியாளர் அழுத்திக்கொள்ள, வெளியே நீட்டிய துண்டை இரண்டு கையாலும் பிடித்துத் தயங்காமல் கீழ்நோக்கி ஒரு அழுத்து. தயங்கித் தயங்கி அழுத்தினால்தான் கோணலாகப் போகும். பின்னால் பாதுகாப்புப் படலம் ஒட்டிய கண்ணாடி என்றால் கண்ணாடி முறிந்தும் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும், படலத்தை பிளேடால் அறுத்துவிடுங்கள். உங்களுக்கு 10 செ.மீ. என்பதால் கைப்பிடி கிடைக்கிறது. 2 செ.மீ. மட்டும் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் கடைக்கே போகச் சொல்லியிருப்பேன்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, காலுக்கு மூடிய ஷூ, மூன்றும் வேண்டும். செருப்போடு நின்று வெட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும். கடைசியில் தரையைப் பெருக்கிவிட்டு, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், துடைப்பத்துக்குச் சிக்காத பொடிச் சில்லுகள் அதில்தான் வரும்.

கேள்வி: கட்டரில் பல ரகம் இருக்கிறதே, எது வாங்குவது?

பதில்: ஒன்றிரண்டு வெட்டுக்குத்தான் என்றால் சாதாரண எஃகுச் சக்கரமே போதும், புதிதாக இருக்கும்வரை நன்றாகவே வெட்டும். அடிக்கடி தேவைப்படும் என்றால் டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் வைத்து, கைப்பிடிக்குள்ளேயே எண்ணெய் நிரப்புகிற மாதிரி இருப்பதை வாங்குங்கள். வைரமுனை கட்டர் வேண்டாம், பிடிக்கும் சாய்வு கொஞ்சம் மாறினாலும் கோடு விழாது, அது பழகிய கைக்கானது. வாங்கும்போது சக்கரம் தடங்கல் இல்லாமல் சுற்றுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று விரலால் உருட்டிப் பாருங்கள். ஆடினால் எவ்வளவு நல்ல பெயர் அச்சடித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: போன வருடம் வெட்டிய கண்ணாடியைக் குளியலறையில் ஒட்டினேன். வெட்டிய ஓரம் மட்டும் கறுத்து உள்ளே பரவுகிறது. கண்ணாடியே மட்டமா?

பதில்: கண்ணாடியைக் குறை சொல்வதற்கில்லை. வெட்டிய இடத்தில் வெள்ளிப்பூச்சு திறந்து கிடக்கிறது, ஈரம் அந்த வழியாக ஏறி ரசத்தை அரிக்கிறது. வெட்டியதும் ஓரத்தை வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து (பின்பக்கத்திலிருந்து முகப்பக்கம் நோக்கி ஒரே வாக்கில், இல்லாவிட்டால் ரசம் பெயரும்), நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷோ எட்ஜ் சீலரோ பூசியிருக்க வேண்டும். எதை வைத்து ஒட்டினீர்கள் என்பதும் முக்கியம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் என்றால் அதிலிருந்து வரும் அமிலமே ரசத்தைத் தின்றுவிடும், அடுத்த முறை ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கறுத்தது இனி வெளுக்காது. ஓரத்தை மறைக்க ஒரு சட்டம் போடலாம்.

கேள்வி: கண்ணாடியின் நடுவில் ஸ்விட்ச் பெட்டிக்குச் சதுரமாக ஓட்டை போட முடியுமா?

பதில்: கை கட்டரால் முடியாது. உள்மூலை வருகிற எந்த வெட்டும் அந்த மூலையிலிருந்தே விரிசல் விடும், ‘ட’ வடிவத்துக்கும் இதே கதிதான். அளவை அட்டையில் வெட்டி எடுத்துப்போய், மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். வட்ட ஓட்டை மட்டும் என்றால் வைரத்தூள் பதித்த பிட்டைக் கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே, மெதுவான வேகத்தில் வீட்டிலும் போடலாம்.