வார்டில் ‘டென்ஷன்’ எடுபடாது

பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து சில வாரமே ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “எப்படி இருக்கே என்று வார்டு மேனேஜர் கேட்டபோது ‘ஐ ஆம் டென்ஸ்டு’ என்றேன். அவர் முழித்தார். பதற்றம், படபடப்பு, கூச்சம் எல்லாவற்றுக்கும் இங்கே என்னதான் சொல்கிறார்கள் அக்கா?”

நம் ஊரில் பரீட்சை, மாமியார், பிபி என எல்லாவற்றுக்கும் டென்ஷன் ஒன்றே போதும். இங்கே ‘டென்ஸ்’ என்றால் பெரும்பாலும் கழுத்தும் தோளும் இறுகிப் போயிருப்பதாக நினைப்பார்கள். வேலை தலைக்கு மேல் போனால் ‘ஸ்ட்ரெஸ்டு’. ஆஸ்கி (OSCE) என்கிற நர்ஸ் பதிவுக்கான செய்முறைத் தேர்வுக்கு முன்னால் வயிற்றைக் கலக்குவது ‘நெர்வஸ்’. நாள்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டே இருப்பது ‘ஆங்ஷியஸ்’. ஒரே நேரத்தில் மூன்று பெல் அடிக்கிறது, போன் அலறுகிறது, நோயாளியின் மகள் வேறு வந்து கேள்வி கேட்கிறார், உங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றால் அது ‘ஃப்ளஸ்டர்டு’. அன்று நீங்கள் தேடியது அநேகமாக இதுதான். “சாரி, ஐ காட் எ பிட் ஃப்ளஸ்டர்டு” என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் உங்களை மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

அந்த ‘எ பிட்’டை மட்டும் கவனியுங்கள். அதைக் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டால் மோசம் போவீர்கள். மறுநாள் ஆபரேஷன் வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா “பிட் வொரிட், லவ்” என்று சொன்னால், இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் பயத்தை அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். மருந்தைக் கொடுத்துவிட்டு நகராமல் என்ன கவலை என்று கேளுங்கள்.

கூச்சத்துக்கு வருவோம். ‘ஷை’ என்பது சுபாவம், யாரிடமும் ஒட்டாத பிள்ளைக்குச் சொல்வது. படுக்கை நனைந்துபோன பாட்டி சொல்வது ‘எம்பாரஸ்டு’. அது முற்றினால் ‘மார்ட்டிஃபைடு’, மானம் போச்சே என்கிற அளவு. ‘அஷேம்டு’ என்று நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள், அதில் தப்பு செய்தவள் என்கிற வாடை அடிக்கும். திரையை இழுத்துவிட்டு “ஹாப்பன்ஸ் ஆல் த டைம்” என்று சொல்லிக்கொண்டே விரிப்பை மாற்றினால் போதும். சங்கடத்தை மறைக்கச் சிரிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது ‘அஜிடேட்டட்’. இதை உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டாம். வார்டில் அது நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுகிற சொல். நோயாளி எவ்வளவு அமைதியாக, எவ்வளவு கொந்தளிப்பாக இருக்கிறார் என்று பார்க்க ஐசியூவில் பயன்படும் ராஸ் (RASS) அளவுகோலில் பூஜ்யம் என்றால் விழிப்போடு அமைதியாக இருக்கிறார், +1 இருப்புக்கொள்ளாமல் இருக்கிறார், +2 தான் அஜிடேட்டட், +4 என்றால் அடிக்கவே வருகிறார். சும்மா “பேஷன்ட் அஜிடேட்டட்” என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. கையில் மருந்து ஏற்றும் கேனுலா குழாயைப் பிடுங்கினாரா, கட்டில் கம்பியைத் தாண்டப் பார்த்தாரா, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நேற்று வரை நிதானமாக இருந்த முதியவர் இன்று திடீரென்று இப்படி ஆனால் டெலிரியமாக, அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். கிருமித்தொற்று, வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது என்று காரணம் எதுவாகவும் இருக்கும். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 (NEWS2) அட்டவணையில் புதிதாக வந்த குழப்பம் ஒன்றுக்கே 3 புள்ளி. ‘அஜிடேட்டட்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால், அடுத்த ஷிப்டுக்காரர் ‘தொல்லை பிடித்த ஆள்’ என்று படித்துவிட்டுப் போய்விடுவார்.

ஊருக்கு ஊர் பேச்சும் மாறும். மான்செஸ்டர் பக்கம் “ஸ்டாப் மிதரிங் மீ” என்றால் நச்சரிக்காதே. ஸ்காட்லாந்துப் பாட்டி “அப் டு ஹை டோ” என்றால் பரபரப்பில் நிலைகொள்ளவில்லை. ‘இன் எ ஃப்ளாப்’, ‘ஹெட் அப்’ (het up) எல்லாம் காதில் விழும், அவையும் படபடப்புதான். புரிந்தால் போதும், நாம் பேச வேண்டியதில்லை. நம் வாயில் அது நாடக வசனம் மாதிரி இருக்கும்.

அப்புறம், கேட்காத ஒன்று. இந்தப் படபடப்பு வாரக்கணக்கில் விடாமல் தூக்கத்தையும் கெடுத்தால் ஷிப்ட் அசதி என்று தள்ளிவிடாதீர்கள். இங்கிலாந்தில் என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்கிற மனநல ஆலோசனைச் சேவைக்கு ஜிபியை (குடும்ப டாக்டரை) பார்க்காமல் நீங்களே பதிவு செய்யலாம். பெரும்பாலும் பதற்றத்தை அளக்கும் கேட் 7 (GAD-7) என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ‘நெர்வஸ், ஆங்ஷியஸ், ஆன் எட்ஜ்’ ஆக இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அங்கே மட்டும் ‘எ பிட்’ வேண்டாம், உள்ளதை உள்ளபடி போடுங்கள். இங்கிலீஷில் மனதைச் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது.