உயிர்த்த ஞாயிறன்று அழலாமா?

அன்பின் அக்கா,

2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பில் என் பெரியம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போவதே இல்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், “ஆண்டவர் உயிர்த்துவிட்டார், திருநாளும் அதுவுமாய் அழக்கூடாது” என்கிறார்கள். கேட்கும்போது எரிச்சல் வருகிறது. ஆனால் விசுவாசம் உள்ளவனுக்கு நம்பிக்கையும் இருக்க வேண்டும்தானே? எனக்கு ஏன் அது வரவில்லை?

(பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை)

அன்பின் தம்பி,

அழக்கூடாது என்று சொல்கிறவர்கள் யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். முதல் உயிர்ப்பு நாளின் காலையே அழுகையோடுதான் தொடங்குகிறது. மக்தலா மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறார், உயிர்த்த ஆண்டவர் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார், அழாதே என்று அதட்டவில்லை, அப்புறம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகளோ, பெண்கள் பயந்துபோய் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. பயமும் கண்ணீருமாகத்தான் அந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது.

“எல்லாம் கடவுள் சித்தம்” என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், உயிர்ப்பைப் பற்றி அத்தனை உறுதியாகப் பேசுகிற அதே 15ஆம் அதிகாரத்தில், பவுல் சாவைக் கடைசிப் பகைவன் என்கிறார். பகைவனைப் பார்த்து நல்லவன் என்று சொல்லும்படி விசுவாசம் யாரையும் கேட்பதில்லை. உங்களுக்கு வந்த எரிச்சலில் விசுவாசக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை, தம்பி.

சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது உயிர்ப்பு நாளுக்கு முந்தின இரவுப் பூசைக்குப் போனால் ஒன்றைக் கிட்ட நின்று பாருங்கள். பெரிய மெழுகுதிரியில் சிலுவையும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் கீறிய பிறகு, குருவானவர் ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவை வடிவில் பதிப்பார். அவை இயேசுவின் ஐந்து காயங்கள். அதற்குப் பிறகுதான் திரி ஏற்றப்படும். சாவை வென்று வந்த உடலில் ஆணித் துளைகள் ஆறி மறைந்திருக்கலாம், மறையவில்லை, தோமாவிடம் கையையும் விலாவையும் காட்டித்தான் தம்மை அடையாளப்படுத்தினார். 2019இல் அதே நாளில் குண்டு வெடித்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி கோயிலின் உயிர்த்த ஆண்டவர் சொரூபம் இரத்தம் தெறித்தபடி நின்ற படத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் இதுதான். நம்முடைய நம்பிக்கை காயத்தை மறைத்துக்கொண்டு வருகிற நம்பிக்கை இல்லை. கொச்சிக்கடைக் கோயில் ஜூன் மாதமே திரும்பத் திறந்தது, அதே வேகத்தில் உங்கள் அம்மாவும் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இன்னொன்று. திருநாளின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், குண்டு வெடித்த ஏப்ரல் 21 மாறாது. ஆகவே உங்கள் வீட்டுக்கு இந்தத் துக்கம் ஆண்டில் இரண்டு தடவை வருகிறது. இது அந்தச் சொந்தக்காரர்களுக்குப் புரிவதில்லை.

அப்படியானால் நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். இயேசுவைக் கொன்றது ஓர் ஆளுநரின் தீர்ப்பு. கல்லறை வாயிலுக்கு முத்திரை வைத்து, காவலும் போட்டு, விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனார்கள். கடவுள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. உயிர்ப்பில் நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்: கொன்றவர்களின் சொல் கடைசிச் சொல் ஆகாது, உங்கள் பெரியம்மாவின் கதையும் அந்தக் காலை 8.45 மணியோடு முடியவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மை என்று நம்பிச் சொல்கிறேன். தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னதே, அதற்குப் பிறகும் முழு உண்மையைக் கேட்டு நிற்கிற குடும்பங்களைப் பார்த்து “மன்னித்து மறந்துவிடுங்கள்” என்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிர்ப்பை நம்புகிறவர்கள்தான் விடாமல் கேட்க வேண்டும், நாம் கும்பிடுகிறவரே தம் காயங்களைக் காட்டியவர்.

அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஞாயிறு காலைப் பூசை அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தால் சனி இரவுக்குக் கூட்டிப் போங்கள், கடைசி வாங்கில் உட்காருங்கள், அல்லேலூயா பாட வாய் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும். அழுகை வந்தால் அழட்டும். யாராவது ஏதாவது சொன்னால், மரியாவும் அழுதார் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா