நிதியுதவி கேட்டால் இடம் போய்விடுமா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1540 எடுத்திருக்கிறேன். கணித ஒலிம்பியாடில் ஒருமுறை தேசியச் சுற்று வரை போனேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி., ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு மூன்றுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். வெளிநாட்டு மாணவியான எனக்கு எத்தனை சதவீத வாய்ப்பு இருக்கிறது? முழுச் செலவையும் எங்களால் கட்ட முடியாது. ஆனால் அப்பா, "நிதியுதவி கேட்டால் இடம் தரமாட்டார்கள். இப்போது கேட்காதே, சேர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். கேட்கட்டுமா, வேண்டாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சதவீதத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டால் மனக்கஷ்டத்தோடு போய்விடும். இதில் தப்பு செய்தால் நான்கு வருடப் பணம் சிக்கலாகிவிடும்.

அப்பா சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டிலும் விண்ணப்பத்தைப் படித்து முடிவெடுப்பவர்கள், இந்தக் குடும்பத்தால் கட்டணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதே விதிதான். யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகியவையும் இந்த வகைதான். இடம் கொடுத்துவிட்டால், உங்கள் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று அவர்களே கணக்கிட்டு, மீதியைத் தருகிறார்கள். ஆகவே இங்கே கேட்காமல் இருப்பதால் ஒரு லாபமும் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு அப்படியில்லை. அங்கே வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டால், அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த அளவுக்கு அப்பாவின் பயம் சரி. ஆனால் அவர் சொல்லும் வழி சரியில்லை. விண்ணப்பிக்கும்போதே கேட்காத வெளிநாட்டு மாணவர், அங்கே படிக்கும் நான்கு வருடமும் பல்கலைக்கழகத்தின் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. போதாததற்கு, விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் கைக்கு வரவே, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று ஆதாரம் காட்ட வேண்டும். அப்புறம் எங்கே போய் 'பார்த்துக்கொள்வது'? வாய்ப்பு குறைந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயும் கேளுங்கள். கட்ட முடியாத இடம் கிடைத்து என்ன பயன்?

சரி, சதவீதம். 2024-இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர், இடம் பெற்றவர்கள் 1,937. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. எம்.ஐ.டி.யில் அதே வருடம் 28,232 பேரில் 1,275 பேர். வெளிநாட்டு மாணவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் எம்.ஐ.டி.யில் இது நூற்றுக்குச் சுமார் இரண்டு. அங்கே இளநிலை மாணவர்களில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வெளிநாட்டினர் என்பதால் போட்டி இறுகிவிடுகிறது. இதில் உங்கள் சதவீதம் எது என்று யாராவது சொன்னால், குறிப்பாகக் காசு வாங்கிக்கொண்டு சொன்னால், நம்பாதீர்கள்.

1540 நல்ல மதிப்பெண். அதை 1570 ஆக்க இன்னொரு முறை தேர்வு எழுதப் போக வேண்டாம். அந்த வாரங்களைக் கட்டுரைகளுக்குக் கொடுங்கள். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) வழியாக வரும் 650 சொல் கட்டுரையைப் படிக்கின்றன. எம்.ஐ.டி.க்குத் தனி விண்ணப்பம், சின்னச் சின்னப் பதில்கள். இரண்டும் வேறு வேலை, ஒன்றை வெட்டி மற்றதில் ஒட்டினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒலிம்பியாடைப் பற்றியே எழுத வேண்டும் என்றும் இல்லை. தேசியச் சுற்றைத் தாண்டிச் சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள். எது உங்களைச் சும்மா இருக்கவிடாமல் செய்கிறதோ, அதை எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எம்.ஐ.டி. ஒரு கணித அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியர் ஒருவரிடமிருந்தும் கடிதம் கேட்கிறது. கணித ஆசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்கும். மொழி ஆசிரியருக்குத் தெரியுமா? இந்த வாரமே அவரிடம் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. ஹார்வர்டில் நவம்பர் 1-க்குள் முடியும் முதல் சுற்றில் விண்ணப்பித்தால், வேறு தனியார் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் சுற்றில் சேர முடியாது. எம்.ஐ.டி.யும் அதில் அடக்கம். எது முதல் விருப்பம் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்குப் பிடிக்காதது, அதில் மூன்றே பெயர்கள் இருப்பதுதான். மூன்றும் கை விரித்தால்? இடமும் கிடைக்கும், பணமும் கட்டுபடியாகும், சேர்ந்தால் வருத்தமும் இருக்காது என்று சொல்லக்கூடிய இரண்டு மூன்று கல்லூரிகளை, எந்த நாட்டில் இருந்தாலும், சேருங்கள்.

மூன்று இடங்களுமே நிதியுதவிக்கு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இணையப் படிவத்தைக் கேட்கும். பெற்றோரின் வருமானம், சேமிப்பு, சொத்து என்று எல்லாம் அதில் வரும். அப்பா உட்காராமல் அதை நிரப்ப முடியாது. அதனால் இந்தப் பதிலை முதலில் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.