வேனில் குடித்தனம், எல்லை தாண்டிப் பல் வைத்தியம்

கேள்வி: அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் இருக்கும் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் குடியிருந்த 68 வயது அம்மையார், வாடகை கட்டுப்படியாகாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு, பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் அமைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குளிர்காலம் முழுவதும் பாலைவனத்தில் இருப்பாராம். பல்லைக் காட்ட மெக்சிகோவுக்குப் போவாராம். பணக்கார நாட்டில் இப்படியும் உண்டா? சட்டம் இதற்கு இடம் தருகிறதா? அங்கே செய்யும் வைத்தியத்தை நம்பலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: உண்டு, அம்மா, அதுவும் ஓரிருவர் அல்லர். அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை வேன்களும் டிரெய்லர்களும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பதைக் காணலாம். அது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்கு உரிய நிலம். ஊரை ஒட்டியுள்ள லா போசா பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதமும் தங்குவதற்கு ஒரே அனுமதிச் சீட்டு போதும். 1980களில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் அந்தச் சீட்டின் விலை பல ஆண்டுகளாக 180 டாலராகவே இருந்து வந்தது. பீனிக்ஸில் ஒரு சிறிய வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஆகும் வாடகைகூட அதைவிட அதிகம். குடிநீர் பிடிக்கவும், வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும், குப்பை போடவும் அங்கே இடம் உண்டு. கழிவுத் தொட்டி இல்லாத சிறிய வேன்காரர்கள் பொதுக் கழிப்பறையிலிருந்து 500 அடிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்தையும் கொடுக்க இயலாதவர்கள் துறையின் மற்ற நிலங்களில் பொதுவாக 14 நாள் இலவசமாகத் தங்கி, பிறகு 25 மைலுக்கு அப்பால் நகர்ந்துவிட வேண்டும். ஆகவே அந்த அம்மையார் சட்டத்துக்கு உட்பட்டே வாழ்கிறார்.

இவர்களை நாம் ஊர்சுற்றிகள் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கையில் காசு குறைந்தவர்கள் தேவையின்றி வண்டியைக் கிளப்புவதே இல்லை, ஏனெனில் வாடகை போன இடத்தில் பெட்ரோல் செலவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூரையில் ஒரு சூரியத் தகடு, சமையலுக்கு எரிவாயு உருளை, வாரம் ஒரு முறை மளிகைக்கும் குளியலுக்கும் ஊருக்குள் ஒரு நடை என்று மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பல்லில் வந்து முட்டி நின்றுவிடும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மெடிக்கேர் காப்பீடு 1965இல் சட்டமானபோதே வழக்கமான பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டது. அந்த ஒதுக்கல் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு பல்லுக்கு கேப் போட ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதோடு ரூட் கெனாலும் சேர்ந்தால் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு ஒரு மாத வருமானம் முழுவதுமே போய்விடக்கூடும்.

அதனால்தான் லோஸ் அல்கோடோனஸ். அரிசோனாவின் யூமா நகரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், எல்லையை ஒட்டியுள்ள மெக்சிகோ ஊர் அது. அமெரிக்கர்கள் அதைச் செல்லமாகக் ‘கடைவாய்ப்பல் நகரம்’ என்கிறார்கள். சில ஆயிரம் பேரே வசிக்கும் அந்த ஊரில் பல் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வேலை முடியும். வாடகையும் சம்பளமும் அங்கே குறைவு. பல் செய்து தரும் லேப்களும் அதே தெருக்களில் இருப்பதால் கேப் ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும்.

அமெரிக்க வாகனக் காப்பீடு எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதால், பெரும்பாலோர் இந்தப் பக்கம் கெச்சான் பழங்குடியினர் நடத்தும் வாகன நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போகிறார்கள். வேனில் வாழ்பவர்களில் சிலர் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பதுண்டு. கைப்பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாகூட மெக்சிகோவில் சிறைக்கு அனுப்பிவிடும் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. அந்த ஊருக்குப் போகும் எல்லை வாசலான ஆண்ட்ராடே சாவடி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் அரிசோனாவைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். மருத்துவர் கொடுத்த நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

வேனில் வாழும் முதியவர் ஒருவருக்குத் துணையாக ஒரு ஜனவரி மாதம் நானும் போயிருந்தேன். சாவடியைத் தாண்டியதுமே ஆள் பிடிப்பவர்கள் சூழ்ந்துகொண்டு, “பல்லா, கண்ணாடியா, மருந்தா?” என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், முந்தைய ஆண்டு சென்ற கிளினிக்குக்கே நடந்தார். சுவரில் மாட்டியிருந்த மருத்துவரின் தொழில் உரிமச் சான்றைக் காட்டி, அதிலுள்ள எண்ணை மெக்சிகோ அரசின் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம் என்று எனக்கு விளக்கினார். அவருக்குப் பல் பிடுங்கி முடிந்து, அமெரிக்காவுக்குத் திரும்பும் வரிசை இரண்டு மணி நேரம் நகர்ந்தது. மடக்கு நாற்காலியைப் பத்தடிக்கு ஒரு முறை தூக்கித் தூக்கிப் போட்டபடி முன்னே சென்ற அந்த முதியவரிடம், “என்ன கொண்டு வருகிறீர்கள்?” என்று சாவடி அதிகாரி கேட்டபோது, மரத்துப்போன உதட்டால் பேச முடியாமல் வாயைத் திறந்து பஞ்சைக் காட்டினார். அதிகாரி சிரித்தபடியே அவரை விட்டுவிட்டார்.

நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில், எந்த வேலை, எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. சுத்தம் செய்தல், அடைத்தல், பல்செட் ஆகியவற்றுக்குப் போய் வருபவர்கள் ஏராளம். இம்ப்ளான்ட் அப்படியன்று, தாடை எலும்பில் பதித்த திருகு எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும், அதன் பிறகே மேல் பல் பொருத்துவார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. என் தயக்கம் மருத்துவரின் திறமை பற்றியது அன்று, வேனின் ஓட்டம் பற்றியது. ஏப்ரலில் வெயில் ஏறியதும் இவர்கள் ஆயிரம் மைல் வடக்கே போய்விடுவார்கள். அங்கே கேப் கழன்றாலோ சீழ் வைத்தாலோ, வேறொருவர் செய்த வேலையைத் தொட அமெரிக்க மருத்துவர் தயங்குவார், தொட்டாலும் மிச்சம் பிடித்த பணமெல்லாம் அவரிடமே போய்விடும். ஆகவே பெரிய வேலையை நவம்பரில் தொடங்கி, குளிர்காலம் முழுவதும் பக்கத்திலேயே இருந்து, கிளம்பும் முன் ஒரு முறை காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எக்ஸ்ரே பிரதியையும், இம்ப்ளான்ட் ஆனால் அதன் நிறுவனப் பெயரும் அளவும் எழுதிய சீட்டையும் மறக்காமல் வாங்கி வைக்கட்டும்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய அறுவைச் சிகிச்சைகளை இதோடு சேர்க்க வேண்டாம். 2023இல் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரில், முதுகுத்தண்டில் ஊசி போட்டு அழகு அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பூஞ்சை மூளைக்காய்ச்சல் வந்து பலர் இறந்தார்கள்.

கேள்வி: அங்கே மாத்திரை மருந்துகளும் மலிவாமே? வாங்கி வரலாமா?
— வாசகர், மதுரை

பதில்: மலிவுதான். யூட்டா மாநில அரசு ஊழியர்களின் காப்பீட்டு அமைப்பே, விலை மிகுந்த சில மருந்துகளுக்காகத் தன் உறுப்பினர்களைச் செலவு கொடுத்து மெக்சிகோவின் டிஹுவானா நகருக்கு அனுப்பியதுண்டு. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேற்படாமல் மருத்துவர் சீட்டோடு கொண்டுவந்தால் அமெரிக்க அதிகாரிகள் பொதுவாகத் தடுப்பதில்லை. தூக்க மாத்திரை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு விதி வேறு; அமெரிக்க மருத்துவரின் சீட்டு இல்லாவிட்டால் 50 மாத்திரைதான் வரம்பு. ஆன்டிபயாட்டிக் வாங்க மெக்சிகோவிலும் 2010 முதல் சீட்டு கட்டாயம். எல்லையோர மருந்துக் கடைகளில் விற்கும் வலி மாத்திரைகளில் உயிரைப் பறிக்கக்கூடிய ஃபென்டனில் என்ற போதை மருந்து கலந்த போலிகள் இருப்பதாக 2023 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையே எச்சரித்தது. அந்த வகையை மட்டும் தொடவே வேண்டாம். இன்சுலினைப் பொறுத்தவரை, 2023 ஜனவரி முதல் மெடிக்கேரில் நோயாளியிடம் மாதம் 35 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று வரம்பு வந்துவிட்டதால் முதியோர் அதற்காக எல்லை தாண்டும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

கேள்வி: அரிசோனாவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். என்னைப் பார்க்க வந்திருக்கும் அப்பாவுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி. அல்கோடோனஸுக்கு அழைத்துப் போகலாமா? என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது.
— வாசகர், சாண்ட்லர்

பதில்: வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் 300 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், உள்ளூரிலேயே உடனே காட்டுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் மேசாவிலும், சற்றுத் தள்ளி கிளென்டேலிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூடுதலாகும், கட்டணம் குறையும்.

அவசரம் இல்லையென்றால் அப்பா போகலாம். பலமுறை நுழையத்தக்க அமெரிக்க விசா செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் மெக்சிகோ அவரிடம் தனி விசா கேட்பதில்லை. திரும்பும்போது உள்ளே விடுவது சாவடி அதிகாரியின் முடிவு. சிக்கல் உங்களுக்குத்தான். முத்திரை காலாவதியானாலும், செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) இருந்து 30 நாளுக்குள் திரும்பினால் அமெரிக்கா ஏற்றுக்கொள்ளும் விதி ஒன்று உண்டு என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் மெக்சிகோ தரும் சலுகை செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ளவர்களுக்கே. ஆகவே மெக்சிகோ விசா எடுக்காமல் நீங்கள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. உரிய ஆவணங்கள் கையில் உள்ள நண்பர் ஒருவரை அப்பாவோடு அனுப்பிவிட்டு, நீங்கள் வண்டியில் காத்திருங்கள். மடக்கு நாற்காலி ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள்.